ஒரு கிலோ கோச்

"முதல் இடம் வந்தா பயிற்சிக் கூடம் உன் பொறுப்பு. இல்லன்னா வெளியிலேருந்து ஒருத்தரைக் கொண்டு வர்றேன். நீ அவருக்கு ஒத்தாசையா இருந்துக்கோ."

போன வாரம் கிளப் செயலாளர் இப்படிச் சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார். சின்னவள் வெளியே வந்தாள். அங்கேதான் அவளை விட்டுவிட்டு வந்தோம். இதோ, ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது. போட்டி இன்றைக்குத்தான்.

புதிதாக வந்து உட்கார்ந்த வாசகர்களுக்கு நாலு வார்த்தை. சின்னவள் கல்லூரியில் பளு தூக்கியவள். நன்றாகவே தூக்கினாள். ஒரு போட்டியில், கடைசியான மூன்றாவது வாய்ப்பின்போது, அவளுடைய பயிற்சியாளர் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் எட்டு கிலோ கூட்டிப் போட்டார். கம்பி தலைக்கு மேல் போனது. இடது முழங்கை மட்டும் கூடப் போக மறுத்துவிட்டது. அந்தக் கை இன்றைக்கும் முழுதாக நீளாது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தால்கூட மடங்கித்தான் நிற்கும்.

தூக்குவது நின்றதே தவிர, கூடத்தை விட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை. முதலில் பிளேட்டுகளைத் துடைத்து அடுக்கினாள். பிறகு புதுப் பெண்களுக்குக் கம்பியைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். பிறகு பரீட்சை எழுதி, பாஸாகி, கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டாள். அவளிடம் பழகிய பெண்களில் ஒருத்திக்கும் இதுவரை ஒரு சுளுக்குகூட வந்ததில்லை. ஒருத்தியும் இதுவரை முதல் இடத்துக்கு வந்ததும் இல்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வாய்ப்புக்கு எத்தனை கிலோ என்று பயிற்சியாளர்தான் மேஜையில் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசி வாய்ப்பு வந்தால் மற்றவர்கள் துணிந்து ஏற்றுவார்கள். நம் சின்னவள் ஒரே ஒரு கிலோ ஏற்றுவாள். யாராக இருந்தாலும், எந்தப் போட்டியாக இருந்தாலும், ஒரு கிலோ. அதனால்தான் எதிரணிக்காரர்கள் அவளுக்கு 'ஒரு கிலோ கோச்' என்று பெயர் வைத்தார்கள். அதை அவள் காதுபடவே சொல்வார்கள்.

அவளிடம் இருப்பவர்களில் கெட்டிக்காரி யார் தெரியுமா? அவளுடைய சொந்த அண்ணி.

கல்யாணமாகி வந்த புதிதில், அம்மாவின் தையல் மெஷினுக்கு அடியில் ஒரு ஊசி உருண்டு போய்விட்டது. அண்ணி அந்த மெஷினை இரும்புக் காலோடு ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கிடைச்சுதா அத்தை? நல்லாத் தேடுங்க, அவசரமில்ல" என்றாள். மூச்சுகூட வாங்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த சின்னவள் மறுநாளே அண்ணியைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அம்மாவிடம் சொன்னது என்னவோ, "தனியா போக போரடிக்குதும்மா, அண்ணி துணைக்கு வர்றாங்க" என்றுதான். முழங்கை போன அன்றே ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா தீர்ப்புச் சொல்லியிருந்தாள். இந்த வீட்டில் இனி யாரும் இரும்பைத் தூக்கக் கூடாது. அண்ணனுக்கு விஷயம் தெரியும். ஆனால் அவன் வாயைத் திறக்கமாட்டான். அம்மா பக்கமும் பேசமாட்டான், பொண்டாட்டி பக்கமும் பேசமாட்டான். பிழைக்கத் தெரிந்தவன்.

இந்தப் பூசணிக்காய் எத்தனை நாளைக்குச் சோற்றில் மறைந்திருக்கும்? இன்று காலை வரை மறைந்திருந்தது.

காலையில் அண்ணி சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். ஒரு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதில் துப்பிக்கொண்டே இருந்தாள். நடுநடுவே பாத்ரூமுக்கு ஓடினாள். முகம் வெளுத்திருந்தது.

பளு தூக்குகிறவர்களுக்கு இது சகஜமான சமாசாரம். போட்டிக்கு முன்னால் உடம்பை எடை பார்ப்பார்கள். அவரவர் எடைப் பிரிவுக்கு மேல் ஒரு சொட்டு கூடினாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதனால் தண்ணீர்கூடக் குடிக்காமல், எச்சிலைத் துப்பித் துப்பி எடையை இறக்குவார்கள்.

ஆனால் அம்மாவுக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரிந்தது தையல். போன வாரம்தான் மருமகளுக்கு ஒரு சட்டை தைக்க அளவெடுத்தாள். கல்யாணத்தின்போது எடுத்த அளவுக்கும் இதற்கும் இடுப்பில் மட்டும் இரண்டு விரல் வித்தியாசம். அன்றே அம்மாவுக்குச் சந்தேகம். இன்று டம்ளரைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது.

டேப் பொய் சொல்லவில்லை. மாதக்கணக்காகப் பாரத்தோடு குந்தி எழுந்ததில் இடுப்பு இறுகிப் பெருத்துத்தான் இருந்தது. அம்மாதான் அதை வேறு கணக்கில் சேர்த்துவிட்டாள்.

நாத்தனாரும் அண்ணியும் பையை மாட்டிக்கொண்டு, "ஒரு விசேஷத்துக்குப் போயிட்டு வர்றோம்" என்று கிளம்பியபோதுகூட அம்மா வாசல் வரை வந்து, "மெதுவா போம்மா. படி பாத்து இறங்கு" என்றாள். இந்தக் கரிசனம் எதற்கு என்று அண்ணிக்கு விளங்கவில்லை.

மத்தியானம் வரை அம்மாவுக்கு இருப்பே கொள்ளவில்லை. நல்ல செய்தியை எத்தனை நேரம்தான் வாய்க்குள் வைத்திருப்பது? மகனுக்கு போன் போட்டாள்.

அண்ணனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அந்த நேரம் ஒரு பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்து, சோதனைக் கண்ணாடியை மூக்கில் மாட்டி, "இது தெளிவா தெரியுதா, அது தெளிவா தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"டேய், நீ அப்பா ஆகப் போறேடா!"

"என்னம்மா சொல்றே?"

"உன் பொண்டாட்டி முழுகாம இருக்கா. வாயைத் திறந்து சொல்ல வெட்கப்படுறா போலிருக்கு. காலையிலேருந்து பச்சைத் தண்ணி இறங்கல அவளுக்கு."

அண்ணன் கையிலிருந்த லென்ஸ் கீழே விழுந்தது. பெரியவர், "இப்ப ஒண்ணுமே தெரியல தம்பி" என்றார்.

"அம்மா! ஐயோ, அவ இன்னிக்குத் தூக்கப் போறாம்மா!"

"எதைத் தூக்கப் போறா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பதற்றத்தில் இருக்கிறவனிடம் நிதானத்தை எதிர்பார்க்க முடியுமா? அத்தனை மாதமாகக் கட்டிக் காத்த ரகசியத்தை அரை நிமிஷத்தில் கொட்டிவிட்டு, பெரியவரைச் சோதனைக் கண்ணாடியோடு அப்படியே உட்கார வைத்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். மறுமுனையில் அம்மா கழுத்தில் தொங்கிய டேப்பைக்கூடக் கழற்றாமல் தெருவில் இறங்கி ஆட்டோவை நிறுத்தினாள்.

அங்கே போட்டிக் கூடத்தின் பின்னறையில் சின்னவளுக்கு இதெல்லாம் தெரியாது. போன் பைக்குள் அணைந்து கிடந்தது. அவள் கண் சுவரில் இருந்த பலகையிலேயே ஒட்டியிருந்தது.

இந்தப் போட்டியில் இரண்டு விதமாகத் தூக்க வேண்டும். முதலாவது, கம்பியைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டு போவது. அது முடிந்துவிட்டது. அதில் நீலச் சட்டைக்காரி ஒருத்தி அண்ணியைவிட ஆறு கிலோ அதிகம் தூக்கியிருந்தாள். இரண்டாவது, முதலில் நெஞ்சுக்கு ஏற்றி, நிமிர்ந்து நின்று, பிறகு தலைக்கு மேல் தள்ளுவது. அதில் இரண்டு வாய்ப்பு முடிந்து, அண்ணி தொண்ணூறு தூக்கியிருந்தாள். நீலச் சட்டைக்காரி ஒன்று குறைவு. எல்லாம் கூட்டிக் கழித்தால் அண்ணி ஐந்து கிலோ பின்னால் இருந்தாள். இரண்டாம் இடம் உறுதி. நீலச் சட்டைக்காரி இனி ஒன்றும் தூக்காவிட்டாலும், முதல் இடம் வேண்டுமென்றால் கடைசி வாய்ப்பில் தொண்ணூற்றாறு தூக்கியாக வேண்டும்.

சின்னவள் மேஜைக்குப் போனாள். தொண்ணூற்றொன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கை தானாக எழுதியது. அதை நினைத்து அவளுக்கே தன்மேல் எரிச்சல் வந்தது. அண்ணி பயிற்சியில் தொண்ணூற்றெட்டை நெஞ்சுவரை கொண்டு வந்திருக்கிறாள். ஸ்டாண்டிலிருந்து எடுத்துத் தொண்ணூற்றைந்தைத் தலைக்கு மேல் தள்ளியிருக்கிறாள். ஆள் கல் மாதிரி இருக்கிறாள். சின்னவளைத் தடுத்தது பயம், வேறு ஒன்றுமில்லை. மூன்றாவது வாய்ப்பு என்றாலே அவள் காதில் அந்த முழங்கைச் சத்தம்தான் கேட்கும்.

நீலச் சட்டைக்காரியின் பயிற்சியாளர் தொப்பி போட்ட மனிதர். தன் பெண்ணின் கடைசி வாய்ப்புக்குத் தொண்ணூற்றைந்து என்று எழுதியிருந்தார். சின்னவளின் தொண்ணூற்றொன்று பலகையில் ஏறியதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"ஒரு கிலோ கோச் வார்த்தை மாற மாட்டா. நாம ஜெயிச்சாச்சு. எதுக்கு வீணா சிரமப்படணும்?" என்று சொல்லிக்கொண்டே போய்த் தொண்ணூற்றைந்தைத் தொண்ணூற்றுமூன்றாகக் குறைத்தார்.

இடையில் இன்னொரு பெண்ணின் வாய்ப்புகள் பாக்கி இருந்தன. அவளுக்காகக் கம்பியில் பிளேட் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தொடையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வெள்ளைப் பவுடர் அப்பிய விரல்களை நீவிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கதவு படீரென்று திறந்தது. கதவருகில் நின்ற ஆள், "சார், சார், உள்ளே விடக் கூடாது" என்று சட்டையைப் பிடித்து இழுக்க, அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அண்ணன் உள்ளே வந்தான்.

"எந்திரி! வீட்டுக்குப் போலாம்!"

அண்ணி திகைத்துப் போனாள். "என்னங்க ஆச்சு? அத்தைக்கு ஏதாவது…"

"உனக்குத்தான் ஆச்சு! முழுகாம இருக்கியாமே!"

பின்னறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். மேஜையில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். நீலச் சட்டைக்காரி வாழைப்பழத்தை உரித்த கையோடு பார்த்தாள்.

"யாரு?" என்றாள் அண்ணி.

"நீ!"

"எனக்கே தெரியாதே!"

"அம்மா சொன்னாங்க. நீ சாப்பிடலையாம், துப்பிக்கிட்டே இருந்தியாம், இடுப்பு ரெண்டு விரல் ஏறியிருக்காம்…"

சின்னவள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "அண்ணா, கத்தாதே. அப்படி எதுவும் இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன செவ்வாய்க்கிழமை அண்ணிக்கு வயித்துவலி. அன்னிக்கு நான் கனத்தைக் குறைச்சுதான் போட்டேன். என்கிட்ட பழகுற எல்லாருக்கும் எந்த வாரம் எதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அடுத்தது என்னிக்குன்னுகூட என்னால சொல்ல முடியும்."

அண்ணன் வாயைப் பிளந்தான். "எனக்கே தெரியாதேடீ."

"உங்களுக்கு என்னதான் தெரியும்?" என்றாள் அண்ணி. அவள் காது மடல் வரை சிவந்திருந்தது. "நாலு பேர் நடுவுல வந்து நின்னு என் மானத்தை வாங்கிட்டீங்க. வாங்கினது போதும். அந்த மூலையில போய் உட்காருங்க."

அண்ணன் போய் உட்கார்ந்தான். அவன் பின்னாலேயே டேப்பும் மாலையுமாக, இல்லை, டேப்பையே மாலையாகப் போட்டுக்கொண்டு, அம்மாவும் வந்து சேர்ந்தாள்.

வந்தவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. சுற்றிலும் கிடந்த கம்பிகளையும் பிளேட்டுகளையும் பார்த்தாள். மருமகளின் சிவந்த தோள்பட்டையைப் பார்த்தாள். மகளிடம் வந்தாள்.

"உன் கையைத்தான் காவு கொடுத்தேன். இவ கையையும் கேக்குறியா?"

"அம்மா…"

"என்கிட்ட பொய் சொல்லிட்டு கூட்டிட்டு வந்தே. சரி, அதை வீட்ல பேசிக்கலாம். இப்ப ரெண்டு பேரும் கிளம்புங்க. போதும்."

என்ன சொல்வது? அம்மாவின் பயம்தான் அவளுடைய பயமும்.

இந்தக் குடும்பக் கூத்தைத் தூரத்தில் நின்று ரசித்துக்கொண்டிருந்தார் தொப்பிக்காரர். மல்லுக்கு நிற்கிற மாமியார், உறைந்து போன பயிற்சியாளர், மூலையில் ஒரு கணவன். இந்த நிலைமையில் இவர்கள் எதைத் தூக்கப் போகிறார்கள்? மறுபடி மேஜைக்குப் போனார். தொண்ணூற்றுமூன்றைத் தொண்ணூற்றிரண்டாக்கினார். தன் பெண்ணிடம், "நிதானமா சாப்பிடு. ஷூவைக் கழட்டிக் காலை நீட்டு. நமக்கு முன்னாடி அவ தூக்கணும், நேரம் இருக்கு" என்றார்.

சின்னவள் பலகையைப் பார்த்தாள்.

ஒருமுறை எழுதிக் கொடுத்த எடையை இரண்டு தடவைதான் மாற்றலாம். தொப்பிக்காரர் இரண்டையும் செலவழித்துவிட்டார். இனி அவர் பெண் தொண்ணூற்றிரண்டைத்தான் தூக்க வேண்டும், ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. சின்னவள் இன்னும் ஒரு தடவைகூட மாற்றவில்லை.

கம்பி எப்போதும் குறைந்த எடையிலிருந்துதான் மேலே போகும். அண்ணியின் பெயரைக் கூப்பிட்ட பிறகு தொண்ணூற்றாறு என்று மாற்றினால், அண்ணி பின்னால் போய்விடுவாள். நீலச் சட்டைக்காரிதான் உடனே மேடை ஏற வேண்டும். ஷூ இல்லாமல், கையில் வாழைப்பழத்தோடு. அந்த அவசரத்தில் அவள் தவறவிட்டால், அண்ணிக்குத் தொண்ணூற்றாறே போதும்.

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வாய்ப்பு சின்னவளுக்கு வாய்த்ததில்லை. இனி வாய்க்கவும் வாய்க்காது. ஆனால் அதற்கு அண்ணி ஆறு கிலோவை ஒரே தாவலில் தாண்டியாக வேண்டும்.

"அண்ணி…"

"சொல்லு கோச்சு."

"தொண்ணூத்தாறு போடலாமா? வேண்டாம்னா சொல்லிடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன். உங்களால முடியும்னு தோணினா மட்டும்…"

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தனை மாசத்துல இன்னிக்குத்தான் கேக்குறே நீ."

"எதை?"

"என்னால முடியுமான்னு. உன் கோச் உன்னைக் கேக்காம ஏத்தினாருன்னு ஆயிரம் தடவை சொல்லி அழுதிருக்கே. நீ எங்களைக் கேக்காம இறக்குறே. அவ்வளவுதான் வித்தியாசம்."

யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது சின்னவளுக்கு. கோபம் வரவில்லை. அவமானமாக இருந்தது. தன்னிடம் பழகிப் போன ஒவ்வொரு பெண்ணின் முகமும் ஞாபகம் வந்தது. ஒருத்தியிடமாவது கேட்டிருக்கிறாளா?

"போடு" என்றாள் அண்ணி, எழுந்து நின்று பெல்ட்டை இறுக்கிக்கொண்டே. "காலையிலேருந்து பட்டினி கிடந்து, ஊருக்கு முன்னாடி இவர்கிட்ட அசிங்கப்பட்டு, அத்தைகிட்ட திட்டு வாங்கி, இதெல்லாம் ரெண்டாவது இடத்துக்கா?"

ஒலிபெருக்கி அண்ணியைக் கூப்பிட்டது. தொண்ணூற்றொரு கிலோ. மேடைக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. பாதி நேரத்தில் மணி அடிக்கும். அடித்துவிட்டால் மாற்ற முடியாது.

சின்னவள் ஓடினாள். "வேண்டாம்டீ!" என்று அம்மா பின்னாலிருந்து கத்தியது கேட்டது. நிற்கவில்லை. மேஜையில் முட்டி மோதி நின்று, பேனாவைப் பிடுங்கி எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது.

மேஜைக்காரர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "தொண்ணூத்தாறா? சரியாத்தான் எழுதியிருக்கீங்களா?"

"சரியாத்தான் எழுதியிருக்கேன். சீக்கிரம் சொல்லுங்க சார்!"

பலகையில் எண் மாறியது. கூடம் முழுக்க ஒரு சலசலப்பு. அடுத்த விநாடி ஒலிபெருக்கியில் நீலச் சட்டைக்காரியின் பெயர்.

பின்னறையில் நடந்ததை எழுத இரண்டு கை போதாது. வாழைப்பழம் ஒரு பக்கம் பறந்தது. "ஷூ! ஷூ எங்கே?" என்று தொப்பிக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். ஒரு ஷூவுக்கு அவர் முடிச்சுப் போட, இன்னொன்றுக்கு அவள் போட, இரண்டும் அவிழ்ந்தன. பாவம், அந்தப் பெண் நல்ல பெண். ஓடிப் போய் மேடை ஏறி, மூச்சு அடங்குவதற்குள் கம்பியைப் பிடித்தாள். நெஞ்சுக்கு வந்தது. தலைக்கு மேல் தள்ளினாள். கம்பி முன்னால் சாய்ந்து, தடாலென்று விழுந்தது.

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். உள்ளே முழு வழுக்கை என்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"இப்ப நம்ம முறை" என்றாள் சின்னவள். "அண்ணி, அவசரப்படாதீங்க. எடுக்கும்போது இடுப்பை முந்த விடாதீங்க. நெஞ்சுக்கு வந்ததும் ஒரு மூச்சு. அப்புறம்…"

"அப்புறம் எனக்குத் தெரியும். நீ தண்ணி குடி" என்று சொல்லிவிட்டு அண்ணி படியேறினாள்.

மேடை ஓரத்தில் சின்னவள். அவளுக்குப் பின்னால் அண்ணன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. அவனுக்குப் பக்கத்தில் அம்மா. அம்மா கண்ணை மூடவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில்தான் மகளைப் பார்த்தாள், மேடையில் பார்த்ததே இல்லை. இன்று பார்த்தே தீருவது என்று நின்றாள்.

அண்ணி குனிந்து கம்பியைப் பிடித்தாள். கட்டை விரலை உள்ளே மடக்கினாள். முதுகு நேரானது.

கம்பி தரையை விட்டது. முழங்காலைத் தாண்டியது. அண்ணி சட்டென்று கம்பிக்கு அடியில் புகுந்து குந்தினாள். கம்பி தோளில் வந்து உட்கார்ந்தது. குந்தினவள் குந்தினபடியே இருந்தாள். எழவில்லை.

"எந்திரி!" என்று ஒரு குரல். சின்னவளுடையது அல்ல. அம்மாவுடையது. "எந்திரிம்மா! எந்திரிடீ!"

அண்ணி எழுந்தாள். கால்கள் நடுங்கின, முகம் கன்றிப் போனது, ஆனாலும் நிமிர்ந்தாள். ஒரு மூச்சு. மறு மூச்சு. முழங்காலை லேசாக மடக்கி, ஒரே தள்ளு. கால்கள் முன்னும் பின்னும் பிரிந்தன. கம்பி தலைக்கு மேல்!

இடது முழங்கை லேசாக ஆடியது. சின்னவள் தன் கையைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பார்வையை மட்டும் விலக்கவில்லை. ஆடிய கை நின்றது. பூட்டியது. அண்ணி முன்காலை இழுத்தாள், பின்காலைச் சேர்த்தாள், நேராக நின்றாள்.

இறக்கலாம் என்று ஒலி வந்தது. கம்பி விழுந்த அதிர்வில் மேடையே குலுங்கியது.

மூன்று நடுவர்களின் விளக்குகளும் எரிந்தன. ஒன்று சிவப்பு. இரண்டு வெள்ளை.

இரண்டு வெள்ளை போதும், தூக்கியது செல்லும்! சின்னவள் கத்தினாளா, அழுதாளா, அவளுக்கே தெரியாது. மேடைக்கு ஓடினாள். அண்ணி அவளை அப்படியே அலாக்காகத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். தொண்ணூற்றாறு தூக்கினவளுக்கு நாத்தனார் எம்மாத்திரம்? அண்ணன் கண்ணைத் திறந்து, "முடிஞ்சுதா? உயிரோட இருக்காளா?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டான். அவர் மேஜைக்காரர். "உங்க சம்சாரம் ஜெயிச்சுட்டாங்க சார்" என்று அவன் முதுகில் ஓங்கித் தட்டினார்.

செயலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சின்னவளிடம் கை நீட்டினார். "நாளைக்கு வந்து கையெழுத்துப் போட்டுடு. கூடம் உன்னோடது. ஆனா ஒண்ணு, இனிமே அந்தக் கடைசி நிமிஷத்துல என் நெஞ்சைப் பதம் பார்க்காதே."

"வாக்குக் கொடுக்க முடியாது சார்" என்றாள் சின்னவள். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அம்மா மட்டும் எல்லோருக்கும் பின்னால் நின்றாள். கூட்டம் கலைந்ததும் கிட்டே வந்தாள். மருமகளின் கன்னத்தைத் தடவி, "வீட்டுக்கு வந்து நல்லாச் சாப்பிடு" என்றாள். பிறகு மகளைத் தனியே சுவர் ஓரம் அழைத்துப் போனாள். மடங்கியே நிற்கும் அந்த இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்குறேன். மறைக்காம சொல்லு."

"கேளும்மா."

"இப்ப அவளைக் கேட்டே பாரு, போடலாமான்னு. அன்னிக்கு அந்தக் கோச் உன்னை அப்படிக் கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்பே?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் சின்னவளிடம் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பொய் சொல்லலாம். சொன்னால் அம்மா நம்புவாள், இரண்டு பேருக்கும் சௌகரியமாகவும் இருக்கும்.

"போடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்மா" என்றாள். "இன்னும் ரெண்டு கிலோ சேர்த்துப் போடச் சொல்லியிருப்பேன்."

அம்மா தலையை ஆட்டினாள். அந்தப் பதில்தான் வரும் என்று அவளுக்கு முன்பே தெரிந்த மாதிரி இருந்தது. நெடுநேரம் மகளின் கையை விடவில்லை.

"அப்போ இத்தனை வருஷமா நான் அந்த மனுஷனுக்குக் கொடுத்த சாபமெல்லாம்?"

சின்னவளும் அதே மனிதரைத்தான் இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரோட போன் நம்பர் உன்கிட்ட இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டினாள்.